பாலைவனத்தில் ஒரு படல்

காலை மணி 6.22. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை.

இன்னும் சரியாக விடியவில்லை. சாலையோரம் யாரோ ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கோவை உக்கடத்தில் டவுன் பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி. காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தீராதீங்க. அது கள்ளீங்க" என்றாள் என் மனைவி பூங்கொடி.

கள்ளிதான். இருபதடி உயரம். பக்கவாட்டில் கிளம்பி மேல்நோக்கி வளைந்த ஒற்றைக் கை. சகுவாரோ என்று பெயர்.

இரண்டு வாரமாக இந்தப் பத்தியில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு... அமெரிக்காவில், அரிசோனாவில், மகள் வீட்டில் இருந்தோம். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மகள் கார் சாவியைக் கொடுத்து, "நீங்க ரெண்டு பேரு மட்டும் ஒரு நாள் சுத்தீட்டு வாங்கப்பா" என்றாள். சாலையின் வலது பக்கம் ஓட்ட எனக்குக் கை பழகியிருந்தது. பூங்கொடிக்கு ஒரே ஒரு ஆசை. கள்ளிக் காட்டில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். மகள் அனுப்பிய அந்தப் படம் ஒரு வருஷமாக அவள் போனின் முகப்பில் இருக்கிறது. சிவந்த வானம், அதன் முன்னே கை தூக்கி நிற்கும் ஆயிரம் கள்ளிகள்.

"ஒரு கை மொளைக்கவே அம்பது அறுபது வருசமாகுமாமுங்க. பாப்பா சொன்னா" என்றாள்.

"அவ்வளவா?"

"அப்ப நமக்கு இப்பத்தான் கை மொளைக்கற வயசு."

சிரித்துக்கொண்டே போனோம். பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்திருந்தேன். மணலே இல்லை. செம்மண்ணும் சரளையும் சாம்பல் நிறப் புதர்களும்தான். தூரத்தில் ஊதா நிறத்தில் மலைகள். எவ்வளவு ஓட்டினாலும் அவை கிட்டே வரவில்லை. ரேடியோவை அணைத்தோம். ஏ.சி.யையும் அணைத்துக் கண்ணாடியை இறக்கினோம்.

"இது எங்கூரு கொறங்காடுதானுங்களே" என்றாள் திடீரென்று.

அவள் மூலனூர்ப் பக்கம். அங்கே மழையை நம்பிய மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை முள்வேலி. உள்ளே போக ஒரே ஒரு வழி, அதற்கு முள்ளால் கட்டிய ஒரு படல். படலைத் திறந்தவர் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். திறந்து கிடந்தால், பார்த்தவர் சாத்த வேண்டும். யார் காடு என்பது கேள்வியே இல்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போகிற வழியில், பட்டுச் சேலையோடு காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய படலை இழுத்துச் சாத்தியவள் அவள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தி நான்கு வருஷம் கழித்து, அரிசோனாவில், மகள் சொல்லியிருந்த ஒரு மண் சாலையில் திரும்பினோம். வழியில் ஒரு இரும்புக் கேட். அகலத் திறந்து, வேலியோடு ஒட்டிக் கிடந்தது. கேட்டைத் தாண்டியதும் தண்ணீர் இறைக்கும் துருப்பிடித்த காற்றாடி ஒன்று, அதன் கீழே வட்டமான தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் வானம் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை மாடு இல்லை.

"சித்தெ நிறுத்துங்க."

எதற்கு என்று கேட்கவில்லை. இறங்கினாள். சேலைக்குக் கீழே மகளுடைய கேன்வாஸ் ஷூ. கேட்டை நெட்டித் தள்ளிச் சாத்தி, கொக்கியை மாட்டி, கையைத் தட்டிக்கொண்டாள். பின்னால் வானம். நான் ஒரு போட்டோ எடுத்தேன்.

"எந்தப் புண்ணியவானோ தொறந்து போட்டுட்டுப் போயிருக்கான்" என்றபடி ஏறிக்கொண்டாள்.

அதன்பின் மலை, பாறை, கட்டுச்சோறு, ஒரு குட்டித் தூக்கம். மணி 3.20க்கு ஒரு சின்ன ஊரில் காபிக்கு நிறுத்தினோம். இன்னும் ஒரு மணி நேர ஓட்டம்தான், அவள் கேட்ட அந்தக் கள்ளிக் காடு வந்துவிடும். காபி ஆறட்டும் என்று போனை எடுத்தேன். அந்தப் போட்டோ. மகளுக்கு அனுப்புவதற்கு முன் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய பத்திரிகைப் புத்தி, படத்தில் இருக்கும் எழுத்தை எல்லாம் படித்துவிட வேண்டும்.

கேட்டின் நடுவில் ஒரு தகரப் பலகை. திறந்து கிடக்கும்போது வேலிப் பக்கம் மறைந்திருந்தது, சாத்தியதும் வெளியே வந்திருக்கிறது. 'கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லவும்.'

முப்பது வருஷம் புரூஃப் பார்த்த கண். பலகை எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை அல்ல, பூங்கொடியை. வேறென்ன செய்ய?

கவுன்டரில் இருந்த நரைத்த பின்னல்காரப் பெண்மணியிடம் கேட்டேன். கேட்டைத் திறந்து வைக்க ஒரு காரணம் இருக்குமா?

"ஒரு பக்கம் புல் இருக்கும். இன்னொரு பக்கம் தண்ணீர் இருக்கும்" என்றார், துணியால் மேஜையைத் துடைத்தபடி. அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

திரும்பி வந்து பூங்கொடியிடம் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தொட்டி நாம போன பக்கமுங்க. அப்ப மாடு வேலிக்கு அந்தப் பக்கம். எத்தன மணிக்குச் சாத்துனேன்?"

போட்டோவில் இருந்தது. 11.42.

"இந்த வெயில்ல... நாலு மணி நேரம் ஆகப்போகுதுங்க. எந்திரீங்க, வண்டியத் திருப்புங்க."

"திருப்பினா சூரியன் மறையறதுக்குள்ள கள்ளிக் காட்டுக்குப் போய்ச் சேர முடியாது, பூங்கொடி."

"சூரியன் நாளைக்கும் விழுகுமுங்க."

"நாளைக்கு நாம இங்கே இருக்க மாட்டோமே?"

"நாம இல்லீனா அது விழுகாதுங்களா?"

வண்டியைத் திருப்பினேன்.

வழியெல்லாம் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். காலையில் கை காட்டிய கள்ளிகள் எல்லாம் இப்போது எங்களை நிறுத்தி ஏதோ கேட்பது போல் இருந்தது. பாதி வழியில் சொன்னாள். "வாயில்லா சீவனுங்க."

மணி 5.35. கேட்டுக்கு அந்தப் பக்கம் பதினோரு மாடுகள் நின்றன. கத்தவில்லை. முண்டவில்லை. கம்பியின் மேல் முகத்தை வைத்தபடி, இந்தப் பக்கத்துத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு கன்று படுத்துக் கிடந்தது.

பூங்கொடி கொக்கியை எடுத்துக் கேட்டைத் திறந்தாள். மாடுகள் நகரவில்லை.

"நீங்க வண்டிய அக்கட்டால நிறுத்துங்க. உங்களப் பாத்து மெரளுதுங்க."

நிறுத்தினேன். அவள் வேலியோரமாக ஒதுங்கி நின்று பேசியது எனக்குக் கேட்டது. "வாங்க கண்ணு. தப்பு எம்மேலதான். வாங்க சாமி, வந்து குடிங்க." அமெரிக்க மாட்டுக்கும் 'ங்க'தான். முதலில் ஒரு கிழட்டுப் பசு தலையை நீட்டியது. அப்புறம் எல்லாம் வரிசையாக, அவளை உரசுவது போல் நடந்து போயின. கன்றும் எழுந்துவிட்டது.

கேட்டை வேலியோடு ஒட்டத் திறந்து வைத்தோம். மாட்டுக்காரருக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னாள். ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினேன். "இன்று காலை 11.42 மணிக்கு இந்தக் கேட் தவறுதலாகச் சாத்தப்பட்டது. மாலை 5.35க்குத் திறக்கப்பட்டது. வருந்துகிறோம்."

"சாத்தப்பட்டதுங்களா? ஆரு சாத்துனாங்கனு இல்லீங்களே?"

பத்திரிகைகளில் திருத்தம் போடுவதற்கென்று ஒரு நடை உண்டு. 'தவறாகப் பிரசுரமாகிவிட்டது' என்போம். நாங்கள் பிரசுரித்தோம் என்று எழுத மாட்டோம். தவறுகள் எல்லாம் தாமாகவே எழுந்து வந்து, தாமாகவே அச்சில் ஏறிக்கொள்ளும். முப்பது வருஷத்தில் நானே எத்தனை எழுதியிருப்பேன்! ஒருத்தராவது இப்படிக் கேட்டதில்லை.

அடித்துவிட்டு 'நாங்கள் சாத்தினோம்' என்று எழுதினேன்.

"நாங்களா? நீங்க போட்டோதான புடிச்சீங்க? நானுன்னு போடுங்க."

"பலகையைப் படிக்காதது நான்தானே?"

கொஞ்சம் யோசித்தாள். "செரி, நாங்கன்னே இருக்கட்டும்" என்று கீழே தமிழில் தன் பெயரை எழுதினாள். நானும் எழுதினேன். கேட் கம்பியில் அவள் சேலை ஊக்கைக் கொண்டு மாட்டி வைத்தோம்.

அதற்குள் வெளிச்சம் மாறிவிட்டது. மலை முதலில் ஆரஞ்சாகி, அப்புறம் ரோஜாவாகி, கடைசியில் வெறும் நிழலாயிற்று. தொட்டிக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஆயிரம் கள்ளிகள் இல்லை. எண்ணிப் பார்த்தேன், நான்குதான். ஒன்றுக்குக் கையே முளைக்கவில்லை. காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தொட்டிக்குள் கிடந்த சிவப்பு வானத்தைப் பதினோரு மூக்குகள் கலைத்துக்கொண்டிருந்தன. பூங்கொடி காரின் பானெட்டில் சாய்ந்து மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை வெளியே எடுக்கவில்லை.

அன்று அந்த ஊரில் சூரியன் மறைந்த நேரம் 6.04. கடைசி மாடு தொட்டியிலிருந்து வாயை எடுத்தபோது மணி 6.20.