ரோஸ்லின் போன் வாசிக்காத வரி

போன செவ்வாய்க்கிழமை காலையில், சும்மா பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் வெளியே வந்தது.

ரோஸ்லினும் நானும் ஒரே ஷிப்பிங் ஆபீஸ். அவள் டெலிபோன் போர்டில், நான் பில்லிங்கில். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தினமும் மில்லர்புரத்தில் இருந்து ஸ்கூட்டரில் போய், கடற்கரைத் தெருவில் அவளை ஏற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போவேன். வழியெல்லாம் நான் வண்டி ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள். அவள் கணவர் அந்தோணி அண்ணன், நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்.

அன்று கிளம்புமுன் போனில் வானிலை பார்த்தேன். நம் பக்கத்தில் பாதிப்பேர் பார்க்கிற பெரிய வெப்சைட்தான். பெயர் வேண்டாம். திறந்ததும் சிவப்பில் கொட்டை எழுத்து — சூறைக்காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.

அவள் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். "அண்ணன் இன்னைக்கு வீட்டுலதான?"

"அவிய விடியுமுன்னே போயாச்சு. ஏன் கேக்க?"

வாசித்துக் காட்டினேன். பின்னிக்கொண்டிருந்த ஜடையில் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏளா... என் போனு அப்படி ஒண்ணும் வாசிக்கலியே."

ரோஸ்லினுக்கு அவள் போன்தான் கண். விரலால் தடவினால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். தினமும் விடியுமுன் அதே வெப்சைட்டைத் திறப்பாள். அந்தோணி அண்ணனும் அவர் படகில் போகிற மற்ற மூன்று பேரும் வாசலில் நின்று, "என்ன சொல்லுதான்?" என்று கேட்பார்கள். சொல்லுவாள். போவார்கள், அல்லது போகமாட்டார்கள். நாலு வீட்டிலும் நெட் பார்க்கிற போன் அவளிடம்தான். ஒருநாளும் தப்பானதில்லை.

போனை வாங்கி நானே தடவிப் பார்த்தேன். போன் நிதானமாகச் சொன்னது: "படம். படம். பட்டன். படம்." நடுவில் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்தை மட்டும் அட்சர சுத்தமாக வாசித்தது.

விஷயம் இதுதான். அந்த வாரம் வெப்சைட்டுக்குப் புது டிசைன் போட்டிருக்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கிறது! முன்பு எழுத்தாக இருந்த எச்சரிக்கையைப் படமாக மாற்றிவிட்டார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து அவள் போனுக்கு எழுத்தே இல்லை. போன் எச்சரிக்கை எதையும் வாசிக்காததால், எச்சரிக்கை இல்லை என்று அவள் நினைத்துவிட்டாள். அந்த நாலு பேரிடமும் அப்படியே சொல்லியும் விட்டாள்.

அண்ணனுக்கு போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அடித்தேன். அதே பதில். கோயில் மைக்கில் எச்சரிக்கை சொல்ல ஆரம்பித்தார்கள். யாருக்கு? போனவர்கள் போய் எவ்வளவோ நேரம் ஆயிற்றே! கடலோரப் போலீஸுக்குச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். காற்று தெருக்குப்பையை எல்லாம் வாரி சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் வந்து வாசலில் நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"நீதான போவச் சொன்ன?"

ரோஸ்லின் போனைத் தடவிக்கொண்டே இருந்தாள். படம். படம். பட்டன். அந்தக் குரலைக் கேட்கப் பொறுக்காமல் நான்தான் போனைப் பிடுங்கி வைத்தேன்.

துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றிவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். புயல் கூண்டு உங்களுக்குத் தெரியும். எந்தத் துறைமுகத்தில் ஏற்றினாலும் அந்த நம்பருக்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் ஊரில் எங்கள் இஷ்டத்துக்குத் தொங்கவிடுவோம் என்று எவரும் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. இருட்டினால் கூண்டு தெரியாது. அதனால் ராத்திரிக்குக் கூண்டுக்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு ஏற்றுவார்கள்.

கூண்டு என்றதும்தான் ரோஸ்லின் வாயைத் திறந்தாள்.

"ராத்திரிக்குன்னு லைட்டு போடுதான்லா? எனக்கு எப்பவும் ராத்திரிதான. எனக்கு என்ன வச்சான்?"

பாதியில் நின்ற அவள் ஜடையை நான் பின்னி முடித்தேன்.

மத்தியானம் தாண்டி ஒரு விசைப்படகு அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர். வலை போயிற்று. ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆனால் நாலு பேரும் உயிரோடு வந்துவிட்டார்கள். மாதா புண்ணியம் என்று அழுதார்கள். நானும் அழுதேன்.

அந்தோணி அண்ணன் நனைந்த உடம்போடு வந்து ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"வானம் கருத்துத்தான் கெடந்து. பாத்தேன். நீ ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டல்லா, அதான் போனேன்" என்றார்.

அதைக் கேட்டபிறகுதான் அவள் உடைந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்து என் மகளுக்கு போன் போட்டேன். சென்னையில் வெப்சைட் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எழுத்தை எழுத்தாகவே போடவேண்டும், படம் போட்டால் அது என்ன படம் என்று கோடிங்கில் ஒரு வரி எழுதவேண்டும், இதற்கெல்லாம் உலகம் முழுக்க ஒரே ஸ்டாண்டர்டு இருக்கிறது என்றாள். சில நிமிஷ வேலையாம்.

"பிறகு ஏன் செய்யல?"

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா. கிளையண்ட் பாக்குறது அழகா இருக்கா, வேகமா திறக்குதான்னுதான்."

யாரும் கேட்க மாட்டார்கள்... அந்த நாலு பேரும் திரும்பி வராமல் போயிருந்தால், யார் போய் யாரிடம் கேட்டிருப்பார்கள்? காற்றில் படகு கவிழ்ந்தது என்று பேப்பரில் போடுவார்கள். ஒரு வரி கோடிங் இல்லாததால் கவிழ்ந்தது என்றா போடுவார்கள்? சின்ன வெப்சைட் என்றால் தொலைகிறது. ஊரே நம்பி நிற்கிற வெப்சைட் ஸ்டாண்டர்டை மதிக்காவிட்டால் எப்படி? ரேஷன், ஆஸ்பத்திரி, பேங்க் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். இன்னும் எங்கெங்கே யாருடைய போன் "படம், படம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறதோ...

வெப்சைட்டுக்குப் புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அதுவும் படமாகத்தான் வந்தது.

அதனால் இப்போதைக்கு ஓர் ஏற்பாடு. தினமும் விடியுமுன் நான் போன் செய்து ரோஸ்லினுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

நேற்று அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தால் வெயில். போன் நிறைய மிஸ்டு கால், எல்லாம் ரோஸ்லின். பதறிப்போய் அடித்தேன். அண்ணன் போய்விட்டாரா என்று கேட்டேன்.

"போவல. நாலு பேரும் இங்கனதான் உக்காந்திருக்காவ. நீ வாசி" என்றாள்.

வாசித்தேன். எச்சரிக்கை எதுவும் இல்லை.

எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால்?