முத்துக்குள் ஒரு பழுப்புக் கோடு

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நாக்கு வயதைவிட நீளம். தாமிரவருணிக் கரையில் நெல் விளைகிற ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில், சிப்பிக்குள் முத்தை நாமே விளைவிக்கலாம் என்று எங்கள் கடற்கரை முழுக்கப் பேச்சாகக் கிடந்தது. அதில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அப்பா ஒரு வருஷம் கெடு கொடுத்தார். வருஷ முடிவில் என் பேராசிரியர் இது தேறும் என்று சொன்னால் நான் இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், அவர் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

சிப்பியை மெல்லத் திறந்து, ஒரு சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்துவிட்டால், அந்தச் சதை வளர்ந்து மணியைச் சுற்றிப் பை கட்டும். அந்தப் பைதான் மணிமேல் முத்தைப் பூசுகிறது. ஒரு வருஷத்தில் அந்தப் பை எப்படி ஆகிறது என்பதுதான் என் கேள்வி. அதனால் சிப்பியை உயிரோடு திறந்து, சதை கெடாமலிருக்க உடனே ஃபார்மலினில் போட வேண்டும். சித்திரையில் நாற்பது சிப்பிகளைக் கூடைகளில் வைத்து, கடலில் மிதக்கும் தெப்பத்திலிருந்து தொங்கவிட்டேன்.

அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரி ஒருவரை வைத்திருந்தது. பழைய முத்துக்குளியில் முங்கியவர், மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். வள்ளத்தில் ஏறினாலே நான் குமட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வயக்காட்டுக்காரிக்குக் கடலில் என்ன சோலி என்று கேட்டுச் சிரிப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மறுநாள் அவரே இஞ்சித் துண்டு கொண்டுவந்து கொடுப்பார்.

கார்த்திகைப் புயல்மழையில் தெப்பத்தின் கயிறு அறுந்து, கூடைகள் கடலடியில் போய் விழுந்தன. கடல் கலங்கிச் சேறாகக் கிடந்தது. நான் கரையில் நின்று அழுதேன். அண்ணாச்சி தினமும் போய் முங்கினார். பத்தாம் நாள் அத்தனை கூடைகளையும் தேடி எடுத்து மறுபடி தொங்கவிட்டுவிட்டு, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துக்கொண்டார்.

வருஷம் திரும்பியது. ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. போகிற அவசரத்தில், கூடைகளைக் கரையேற்றி வைக்கும்படியும், வந்ததும் முத்து எடுக்க வேண்டும் என்றும் அவரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வையுங்கள் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தேன். கடற்கரைக் கொட்டகைக்கு அரை பர்லாங் தூரத்திலேயே நாற்றம் குடலைப் பிடுங்கியது. மணலில் என் சிப்பிகள் குவியலாகக் கிடந்தன. மேலே ஓலைப்பாய், அதன்மேல் ஈக்கள். முத்துக்குளி நாட்களில் அப்படித்தான் செய்வார்களாம். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்த பிறகு தண்ணீரில் அலசினால் முத்து அடியில் தங்கும். அண்ணாச்சிக்குப் பரம்பரையாக முத்து எடுப்பது என்றால் அது ஒன்றுதான்.

நான் போட்ட சத்தம் துறைமுகம்வரை கேட்டிருக்கும். மூளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன், அப்பா வயதுக்காரரை. அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

“முத்து எடுக்கணும்னுதான டீச்சர் சொன்னிய?” என்று மட்டும் கேட்டார்.

அவரே உட்கார்ந்து ஏழு தண்ணீர் மாற்றி அலசி, பதினோரு முத்துகளை ஈரத்துணியில் வைத்து என் முன்னால் நீட்டினார். நான் வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சதை இல்லாமல் எதை எழுதப்போகிறாய் என்று பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. வந்து கூட்டிப்போங்கள் என்று அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று கார்டு வந்தது.

வியாழக்கிழமை ஆய்வகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பூச்சு எவ்வளவு கனம் என்றாவது பார்ப்போம் என்று ஒரு முத்தை எடுத்துச் சாணைக்கல்லில் தேய்க்க ஆரம்பித்தேன். கூடைகளைத் திருப்பிக் கொடுக்க வந்த அண்ணாச்சி பதறிப்போனார். முத்தைத் தேய்ப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

பாதிவரை தேய்த்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நடுவில் என் மணி. சுற்றிலும் ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்குகள். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பும் முத்தும் கிட்டத்தட்ட ஒரே சாதிச் சரக்குதான். முத்தில் தனியாக நிறம் ஒன்றும் கிடையாது. மெல்லிய அந்த அடுக்குகளுக்குள் வெளிச்சம் புகுந்து திரும்பி வருவதுதான் அந்த மினுக்கம் எல்லாம். புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறாக இருந்தது.

பாதித் தூரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. தேய்த்ததில் வந்த கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது முத்தைத் தேய்த்தேன். அதிலும் அதே இடத்தில் கோடு. மூன்றாவதிலும் இருந்தது. ஒன்றும் விளங்காமல், நீங்களாவது பாருங்கள் என்று ஸ்டூலை அண்ணாச்சி பக்கம் தள்ளினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் ஏதோ எண்ணினார்.

“டீச்சர், கார்த்திகையில கூடையெல்லாம் சேத்துல கெடந்துச்சுல்லா, இது அந்தப் பத்து நாளு. அதுக்குப் பொறவு பாருங்க, வெள்ளையா வருது. நான் தூக்கிக் கெட்டுன பொறவு.”

சேற்றில் மூச்சுத் திணறிய நாட்களில் சிப்பி வெள்ளையாகப் பூசுவதை விட்டுவிட்டுப் பழுப்பாக எதையோ பூசியிருக்கிறது. நல்ல தண்ணீர் கிடைத்ததும் மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கிறது. எழுத்தில்லை, நாளில்லை, ஆனால் அந்தப் புயலும், இந்த மனிதர் முங்கியதும், மிளகளவு முத்துக்குள் வரிசை தப்பாமல் இருந்தன. சாமி கும்பிடுவதில் நான் எப்போதுமே சோம்பேறி. அன்றைக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

“எத்தன ஆயிரம் முத்தத் தொட்டிருக்கேன்,” என்றார் அவர். “உள்ள இப்படி இருக்கும்னு மாதாவுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.”

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேராசிரியர் மூன்று முத்துகளையும் மாறி மாறிப் பார்த்தார். சதையை விடு, இந்தக் கோட்டை எழுது, ஆனால் இன்னும் ஒரு வருஷச் சிப்பி வேண்டும் என்றார். அப்பாவின் கெடுவில் அந்த இன்னொரு வருஷம் இல்லை.

மதியம் அப்பா வந்தார். பெட்டியைக் கட்டக் கையோடு புதுக் கயிறு ஒன்று கொண்டுவந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கோட்டைக் காட்டி, புயல் கதை முழுவதையும் சொல்லிமுடித்தார். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பெருவெள்ளம் வந்த வருசம் வயல்ல வண்டல் இப்படித்தான் கோடு போட்டுக் கெடக்கும்,” என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏளா, இத நீயா கண்டுபிடிச்ச?” என்று கேட்டார்.

அண்ணாச்சிதான் படித்துச் சொன்னார் என்றேன். பேராசிரியர் கேட்ட இன்னொரு வருஷத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி கையை நீட்டினார்.

“ஐயா, அந்தக் கயித்த இங்கன தாங்க. அடுத்த வருசத்துச் சிப்பிக்குப் புதுக் கூடை கெட்டணும், நல்ல கயிறா கெடைக்க மாட்டேங்குது.”

அப்பா கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, கடல் தண்ணீருக்கு இது தாங்குமா என்று கேட்டுக்கொண்டே அவரிடம் கொடுத்தார்.