நாலு டம்ளரும் ஒரு இனிஷியலும்

எங்கள் அத்தையின் கார் உறுமினால் கள்ளக்குறிச்சி முழுக்கக் கேட்கும். மலை மட்டும் ஏறாது. வெள்ளிமலைக்குப் போகும்போதெல்லாம் பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அம்மாவும் நானும் இறங்கித் தள்ள வேண்டும். பட்டுப்பாவாடையோடு கார் தள்ளியவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பாலிடெக்னிக் படித்துவிட்டு வீட்டை ஒட்டியே வெல்டிங் பட்டறை போட்டிருந்தாள். அதை மூடினால்தான் கல்யாணம் என்று நைனார்பாளையத்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். மூட மாட்டேன் என்றாள் அத்தை. நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா ஒரு பந்தயம் கட்டினார்.

"ஞாயித்துக்கெழம மலைக்குப் போறோம். யாரும் எறங்காம உன் வண்டி மேல ஏறிச்சின்னா பட்டறய பத்திப் பேச மாட்டேன். நின்னுச்சின்னா அன்னிக்கே பூட்டு."

அத்தைக்கு வெறி வந்துவிட்டது. "நாலு சிலிண்டருக்கும் ஒரே மூக்குதாண்டி. எப்டி மூச்சு வுடும்?" என்றவள், சின்னசேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து பைக்குகளின் த்ராட்டில் பாடி நான்கை அள்ளிக்கொண்டு வந்தாள். இன்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் கதவு அது. இனி சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு! தகட்டில் ஓட்டை போட்டு, நாலு குழாய்த் துண்டைப் பற்றவைத்து, அவற்றின் தலையில் கதவுகளை மாட்டியும் ஆயிற்று. காற்று நுழையும் வாய்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அது வெளிப்பக்கம் வழவழவென்று மடிந்து விரிந்திருக்க வேண்டுமாம். தகட்டை எப்படித் தட்டினாலும் கோணிக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் சுத்தியலை வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் மோர் குடித்துக்கொண்டே போய் நின்றேன். அத்தையின் சீருக்கென்று அம்மா வாங்கிப் பரணில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர். புதுசில் குடிக்க எனக்கு அவ்வளவு ஆசை. அத்தை என்னைப் பார்க்கவில்லை, டம்ளரின் விளிம்பைப் பார்த்தாள்.

"அடியேய், அத இங்க குடுடீ! இன்னும் மூணு எடுத்துக்கினு ஓடியா!"

அடிப்பாகத்தை அறுத்தாள். மேலே அந்த மடிந்த வாய் அப்படியே இருந்தது. ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்டு இறுக்கினால், அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதம்! அடுத்த டம்ளரை நீட்டும்போது அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தேன். அத்தை பெயர்தான், ஆனால் முன்னால் 'சு.' என்றிருந்தது. தாத்தா பெயருக்கு 'பெ.' அல்லவா வரவேண்டும்? பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் இனிஷியல் எழுதப் பழகியிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத்த, கடக்காரரு இனிஷியல தப்பா வெட்டிட்டாரு!"

"ஆமாண்டி, தப்பாதான் வெட்டிட்டாங்க" என்று சிரித்தபடி அத்தை அதையும் அறுத்தாள்.

மறுநாள் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், அடேயப்பா, அந்தச் சத்தம்! நாலு டம்ளரும் காற்றை உறிஞ்சிய உறிஞ்சலில் என் வயிறே அதிர்ந்தது. வழக்கமான வளைவு வந்தது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானாள். அத்தை கியரைக் குறைத்து ஒரே மிதி. வண்டி நிற்கவில்லை, பாய்ந்தது! நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. அப்பாகூடப் பந்தயத்தை மறந்துவிட்டு, "போ, போ, வுடாத!" என்று கூச்சல் போட்டார்.

வெள்ளிமலையில் பானெட்டைத் திறந்ததும் அப்பா குனிந்து பார்த்தார். அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஐயையோ, சீர் டம்ளரு! மாப்ள இனிஷியல் போட்டு வெட்டினதாச்சே!"

திட்டு விழப்போகிறது என்று அத்தையின் பின்னால் ஒளிந்தேன். அப்பா திட்டவில்லை.

"எப்ப அறுத்த?"

"நேத்தே அறுத்துட்டேண்ணா."

அப்பா பானெட்டை மெல்ல இறக்கி மூடினார். பிறகு, "சரி, வா, டீ குடிக்கலாம்" என்றார்.

நேற்று அறுத்தால் என்ன, இன்று அறுத்தால் என்ன, வண்டிதான் ஏறிவிட்டதே! அப்பா ஏன் போயும் போயும் அதைக் கேட்டார் என்று எனக்கு விளங்கவேயில்லை. தப்பான இனிஷியலை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் வேண்டாமென்று அப்பா சொல்லி அனுப்பியதும், அடுத்த வாரம் சமாதானம் பேச வந்த நைனார்பாளையத்து ஆட்களிடமும் சொன்னேன்.