அக்காவுக்கு வார்த்த கை

அந்தப் பாழாய்ப்போன பிரஸ் அக்காவின் இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோனது. ஆம்பூரில் ஷூவுக்குத் தோல் வெட்டும் மிஷின் அது. என்னோடு தையல் லைனில் இருந்தவளை, ஆள் கம்மி என்று அங்கே நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றான். வாயில் வந்ததையெல்லாம் கேட்டுத்தான் அனுப்பினேன். கேட்டு என்ன? போன கை போனதுதான்.

அக்கா அழுதது கைக்காக அல்ல. அவளுடைய நாலு வயது மகள் அந்த மொட்டைக் கையைப் பார்த்ததிலிருந்து அவளிடம் போகவில்லை. சோறு ஊட்ட நான், தூங்கவைக்க நான். முன்பெல்லாம் அம்மாவின் இடது கட்டைவிரலைத் தடவிக்கொண்டேதான் தூங்கும். அதில் தையல் மிஷின் ஊசி ஏறிய தழும்பு ஒன்று இருந்தது. ஊசி ஏறாத விரல் எங்கள் லைனில் யாருக்கும் கிடையாது. எனக்கு இடது ஆள்காட்டி விரலில்.

"ஒரு கை வெச்சுக்கிட்டா எங்கிட்ட வந்துடுவாடீ" என்றாள் அக்கா.

வேலூரில் செயற்கைக் கை செய்யும் பட்டறைக்குப் போனோம். பார்வைக்கு மட்டும்தான் கை, எதையும் பிடிக்காது என்று அங்கிருந்தவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அக்காவின் வலது கையை அச்செடுத்தால் இன்னொரு வலது கைதான் வரும். அதே அளவில் ஓர் இடது கை வேண்டும். நான் நீட்டினேன்.

வாளியில் அச்செடுக்கும் மாவைக் குழைத்து என் கையை உள்ளே விடச் சொன்னார். "ஆடாதம்மா, ஆடினா விரல் கோணிக்கும்." குழம்பு இறுகி விரல்களைக் கவ்வியது. பிரஸ்ஸுக்குள் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பை விரட்டவே முடியவில்லை. கையை உருவியதும் உள்ளே கை அளவுக்குப் பள்ளம். அதில் உருக்கிய மெழுகை ஊற்றி, ஆறியதும் மேலே இறுகியிருந்த மாவைப் பிய்த்தெடுத்தார். அடியம்மா! என் கையே மேஜைமேல் கிடந்தது. ரேகை, நகம், ஊசித் தழும்பு, எல்லாம்.

"இந்தத் தழும்பை வழிச்சிடட்டுமா? ரப்பர்ல வார்த்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"வேணாம் சார். என் கையிலயும் இருந்துச்சே. அது இருந்தாத்தான் அவ நம்புவா" என்றாள் அக்கா.

"விரல் வேறக்கா" என்றேன்.

"கொழந்தைக்கு இன்னாடி தெரியும்? சும்மா பேஜார் பண்ணாத."

கை வந்தது. அச்சு அசல் அக்காவின் நிறம். அதை மாட்டி, வளையல் போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். "வாடி கண்ணு, அம்மாவுக்குக் கை வந்துடுச்சு பாரு."

குழந்தை வந்துவிட்டது! மடியிலேயே உட்கார்ந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தை கட்டைவிரலைத் தடவியது. திருப்பிப் பார்த்து மறுபடி தடவியது. பிறகு விரல் விரலாகத் தேடி ஆள்காட்டி விரலில் நின்றது. மடியிலிருந்து இறங்கி என்னிடம் வந்து, என் இடது கையைத் தூக்கிப் பார்த்தது.

"இது சித்தி கைம்மா. உன் கை எங்க?"

அக்கா அந்தக் கையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.