சுலைமானியாவும் ஒரு மின்குமிழும்

செவ்வாய்க்கிழமை மத்தியானம், விட்பியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. கனகரத்தினம் அண்ணை காலமாகிவிட்டார். காலையில் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே சரிந்தாராம். போனை வைத்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நான் அவருக்குச் சொன்ன ஒரு பொய். அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அஜின்கோர்ட் வாசகர் வட்டத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியும். பின்வரிசையில், குளிர்கோட்டைக் கழற்றாமல், மடியில் ஒரு வரைபடக் கொப்பியோடு இருப்பார். யாழ்ப்பாணத்தில் அரசாங்கப் படவரைஞராக இருந்த மனிதர், இங்கே கனடாவில் கார் தரிப்பிடத்தில் ஒரு கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுத்தார். "பரவாயில்லை, கீறுறதுக்கு நல்ல வெளிச்சமிருக்கு" என்பார். கொப்பி முழுக்க ஒரே கட்டடம்தான்: இஸ்தான்புல் நகரத்துச் சுலைமானியப் பள்ளிவாசல்.

கனடாவுக்கு வரும் வழியில், காசு வாங்கி ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை அந்த நகரத்தில் மூன்று மாதம் விட்டுவிட்டான். மாரி காலத்துக் கடும் குளிர், ஓர் அறையில் எட்டுப் பேர். பகலில் ஒதுங்க இடமில்லாமல் பள்ளிவாசலுக்குள் போய் இருந்திருக்கிறார். "ஒருத்தரும் என்னை எழும்பிப் போ எண்டு சொல்லேல்லை. சும்மா இருந்து மேலை பாத்தன். பாக்கப் பாக்க என்ரை தொழில் திரும்பி வந்திட்டுது."

ஒரு ஞாயிறு, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் சமையலறை மேசையில் கொப்பியை விரித்தார். நடுவில் பெரிய குவிமாடம், அதன் முன்னும் பின்னும் அரைக் குவிமாடங்கள். அதே நகரில் அதற்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே நின்ற ஒரு தேவாலயத்தைப் பார்த்து எடுத்த அமைப்பு அது என்றார். "ஒட்டோமான் அரசனிட்டை இல்லாத வசதியோ? ஆனாலும் கட்டினவர் மற்றவை கும்பிட்ட இடத்தைப் பாத்துத்தான் படிச்சவர்." பாரத்தைத் தாங்கும் முட்டுச்சுவர்களைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வைத்து, முன்னால் தூண் வரிசை கட்டி மறைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைப் பென்சிலால் தட்டினார். "தாங்கிறது ஆரெண்டு தெரியாமல் தாங்கவேணும். அதுதான் கெட்டித்தனம்." விளக்குப் புகை காற்றோட்டத்தில் வாசலுக்கு மேலுள்ள அறைக்குப் போய்ச் சேருமாம், அந்தக் கரியில் மை செய்வார்களாம். என் மனைவி தேத்தண்ணியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை வட்டத்திலை பேசுங்கோ அண்ணை" என்று கேட்டவன் நான்தான். வட்டத்தின் செயலாளர் என்ற எடுப்பு. அவரும் புத்தகப் படங்களைப் படம்பிடித்து ஸ்லைட் செய்வித்தார். பிறகு ஒருநாள் சொன்னார்: "கடைசியிலை ஒண்டு சொல்லுவன். அந்தப் பள்ளிவாசலிலை என்னை இருக்க விட்டவை. நாங்கள் எங்கடை ஊரிலை அவையளை இருக்க விடேல்லை. அவ்வளவுதான்."

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் தமிழ்ப் போராளிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன. இங்கே நாங்கள் அதைப் பொதுவில் கதைப்பதில்லை. கூட்டம் இரண்டாகிவிடும் என்று பயந்தேன். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் தைரியமில்லை. தமிழ் வகுப்புக்காரரிடம் நாங்கள் இரவல் வாங்கும் புரொஜெக்டரில் மின்குமிழ் எரிந்து பழுதாகிவிட்டது, பேச்சைத் தள்ளிவைப்போம் என்று போனில் சொன்னேன். "ஓம், அதுக்கென்ன" என்றார்.

இரண்டு கிழமை கழித்து, மூன்று பஸ் மாறி வந்து, ஒரு புது மின்குமிழைப் பெட்டியோடு என் கையில் தந்தார். "உது உந்த மெசினுக்குச் சரிவரும். நீர் வசதிப்படேக்கை திகதியைச் சொல்லும்." நான் திகதி சொல்லவில்லை. இலையுதிர்காலம் போய் மாரி வந்தது. அவரும் கேட்கவில்லை, கூட்டங்களுக்கு மட்டும் தவறாமல் வந்தார்.

செத்தவீட்டில் அவர் மனைவி தவமணி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, "அண்ணைக்கு நான் ஒரு பொய் சொன்னனான் அக்கா" என்று தொடங்கினேன். அவ முடிக்க விடவில்லை.

"அவருக்குத் தெரியும் தம்பி. பல்ப் எரிஞ்சதெண்டு நீர் சொன்ன கிழமைதான் எங்கடை பேத்தி தமிழ் வகுப்பிலை உந்த மெசினிலை படம் பாத்திட்டு வந்து சொன்னவ."

"பிறகேன் காசு குடுத்துப் புதுசு வேண்டினவர்?"

"நானும் கேட்டனான். 'ஆள் பயந்திட்டுது. பொய்யெண்டு காட்டினால் பிறகு என்னோடை கதைக்க வெக்கப்படும். பல்ப் கையிலை இருந்தால், மனம் வரேக்கை கூப்பிடும்' எண்டார்."

எனக்கு மனம் வர அவர் சாக வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்லைட்களை அக்காவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். வரும் ஞாயிறு வட்டத்தில் அவற்றைக் காட்டி, அவர் கடைசியாகச் சொல்ல இருந்ததையும் சொல்லப்போகிறேன். எழும்பிப் போகிறவர்கள் போகட்டும். அவர் வாயால் வந்திருக்க வேண்டிய வார்த்தைகளுக்கு என் வாயில் பாதிப் பெறுமதிதான் இருக்கும். அவர் தந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது பிரிக்காத அந்தப் பெட்டி. புரொஜெக்டரில் இருக்கும் பழைய மின்குமிழ் இன்றைக்கும் நன்றாகத்தான் எரிகிறது. அதைக் கழற்றிவிட்டு அண்ணையுடையதைப் போடுவேன்.