நான்கு செடிக்கு இரண்டு திருடர்கள்

ஜப்பான்காரன் காலத்தில் நான் ஏழு நாள் திருடனாக இருந்தேன். முருகன் அறிய, எதையும் திருடவில்லை.

அப்போது மலாயாவில் கோப்பெங் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தோம். ஜப்பான்காரன் வந்ததும் ரப்பரைக் கேட்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே ஆளுக்கொரு துண்டில் மரவள்ளி நட்டுப் பசியாறினோம். என் துண்டும் அடுத்த வீட்டு அண்ணன் துண்டும் ஒட்டிக்கிடந்தன. எல்லைக்கு ஊன்றிய குச்சியை மழை அடித்துப்போய்விட்டது. என்னுடையது என்று நினைத்து நான்கு செடியைப் பிடுங்கினேன். தன்னுடையது என்றார் அவர்.

முந்தியென்றால் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து பேசியிருப்போம். இருவர் சொல்வதையும் முழுசாகக் கேட்பார்கள். அதற்கும் தீராவிட்டால் சூடத்தை ஏற்றி, "அணைச்சு சத்தியம் பண்ணு" என்பார்கள். பொய் சொல்கிறவனுக்குக் கை நடுங்கிவிடும். இப்போதோ நாலு பேர் சேர்ந்து நின்றாலே குற்றம். நியாயம் பேசக் கூடினாலும் கூட்டம் கூட்டம்தானே. அண்ணன் கோபம் தாங்காமல் காலையிலேயே டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.

எல்லைத் தகராறு சிவில், திருட்டு கிரிமினல் என்று எத்தனையோ வருடம் கழித்து ஈப்போவில் ஒரு வக்கீல் எனக்கு விளக்கினார். தன்னுடையது என்று நம்பி எடுத்தவன் திருடன் ஆகமாட்டானாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பின் வேலையாம். நான் வாயைத் திறக்காமல்கூட நின்றிருக்கலாமாம். நல்ல சட்டம்தான். எனக்கு வாயால்தான் எல்லாம் வந்தது.

அன்றே என்னையும் கிழங்கையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மேசைக்குப் பின்னால் ஜப்பான் அதிகாரி இருந்தார். பக்கத்தில், ஜப்பான் பாஷை படித்திருந்த ஒரு தமிழர் மொழிபெயர்க்க நின்றார். மேசைமேல் சாட்சிப் பொருளாக என் கிழங்கு.

"நீ எடுத்தியா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

எங்கள் எஸ்டேட் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக்காரத் தொரை முன்னால் நின்றாலும் சரி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி முன்னால் நின்றாலும் சரி, கூப்பிட்டது எதற்கென்று தெரியுமுன்னே மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். அது மரியாதை. அந்த மரியாதையை அங்கேயும் செய்தேன்.

"தப்புதாங்கையா, மன்னிச்சுக்கணும். என்ன நடந்துச்சுன்னா..."

"போதும்லா. அதான் ஒத்துக்கிட்டியே."

அதிகாரி எழுதிக்கொண்டார். விசாரணை இனிமேல்தான் ஆரம்பிக்கப்போகிறது என்று நான் நின்றேன். அது முடிந்துவிட்டிருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் தேவை, திருடனை அங்கே அனுப்பிவிடலாம் என்றார் அதிகாரி. சயாமுக்குப் போன எங்கள் ஆட்களில் ஒருவரும் அதுவரை திரும்பியதில்லை. வீட்டில் மனைவி, கைக்குழந்தை. முருகா, முருகா என்று முனகினேன்.

புகார் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருந்த அண்ணன் முன்னால் பாய்ந்தார். "ஐயோ, சயாமெல்லாம் வேணாங்கையா! அது அவன் கெழங்குதான். நான்தான் தெரியாம சொல்லிட்டேன். தப்புதாங்க, மன்னிச்சுக்கணும்."

மொழிபெயர்ப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, நீயுமா?"

அதிகாரி எழுந்து வந்து ஆளுக்கொரு அறை விட்டார். பாகுபாடு காட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். திருட்டு ஒன்று, ஒத்துக்கொண்டவர் இருவர், புகார் கொடுத்தவர் யாரும் இல்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது. இருவருக்கும் ஏழு நாள் லாக்கப், பகலில் ஸ்டேஷன் கொல்லையைக் கொத்தி மரவள்ளி நட வேண்டும். சாட்சிப் பொருளை ஸ்டேஷன் சமையல்காரர் அன்று மத்தியானமே அவித்துவிட்டார்.

"பேசாம கொத்து. எல்லாம் உன் கெழங்கால வந்த வினை," என்றார் அண்ணன்.

"என் கெழங்குன்னு இப்பவாச்சும் சொன்னீங்களே அண்ணே, அது போதும்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தோம். பயத்தில் வந்த சிரிப்புதான். எந்த நேரமும் மனசு மாறி எங்களை சயாமுக்கு ஏற்றிவிடலாமே.

லாரி வந்தது. ஆனால் ஸ்டேஷனுக்கு வரவில்லை, எங்கள் எஸ்டேட்டுக்குப் போனது. வீட்டுக்கொரு ஆம்பிளையாக சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை. நாங்கள் தண்டனையில் இருந்தோம்.

எட்டாம் நாள் வீடு திரும்பினேன். குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். முருகனிடம் என்னவென்று நன்றி சொல்வது, என்னைத் திருடனாக்கினாயே என்றா? அங்கே எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். அவரையும் ஏற்றிவிட்டார்கள்.

"அண்ணே, என்ன குத்தம் செஞ்சா ஸ்டேஷன்லயே வச்சுக்குவாங்க?" என்று கேட்டாள்.

நான் திருநீற்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"தெரிஞ்சிருந்தா இவரு மேல நானே ஒரு புகார் கொடுத்திருப்பேனே."