ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலத்தெருக்காரி

இங்கே ஜெர்மனியில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குத்தான் எண் உண்டு, உள்ளே இருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. பன்னிரண்டு குடித்தனம் இருந்தால் வாசலில் பன்னிரண்டு அழைப்பு மணி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குடும்பப் பெயர். பெயர் ஒட்டாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயராக இருக்கிறது. அதனால் டோர்ட்மண்ட் நகரத்தில் என் மணிக்குப் பக்கத்தில் 'மாரிமுத்து' என்று ஒட்டியிருக்கிறது. முதல் மாதம் பார்சல் கொண்டுவந்தவர் "ஹெர் மாரிமுத்து இருக்கிறாரா?" என்று கேட்டார். "வயலில் இருக்கிறார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என் பின்னால் இருந்த வரவேற்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அப்பாவிடம் இதைப் போனில் சொன்னேன். "பேருக்கு முன்னாடி என்னமோ சொன்னியே, அது என்னா?" என்றார். "ஹெர். நம்ம ஊர்ல திருவாளர்ங்கிற மாதிரிப்பா." இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். எங்கள் ஊர் மேலத்தெருவில் பால் பல் விழாத பிள்ளைகூட அவரை 'மாரி' என்றுதான் கூப்பிடும். வா, போ, அந்த வாழைத்தாரைத் தூக்கு. அவரும் அந்தப் பிள்ளையை 'வாங்க தம்பி' என்பார். இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். மூக்குக்கு மேல் கோபம் என்று அம்மா சொல்வாள். வரட்டுமே, யாருக்காவது வர வேண்டாமா?

புவனா கும்பகோணத்துப் பெண். தஞ்சாவூரில் என்ஜினியரிங் படித்த நான்கு வருடமும் நாங்கள் ஒரே விடுதி அறை. இப்போது நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் வேலை பார்க்கிறாள். ரயிலில் போனால் ஒரு சினிமா பார்க்கிற நேரம்தான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்கக் கும்மாளம். எனக்கு ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். வாய்க்கால் ஓரமாகவே மிதித்தோம். ஒரு கிழவர் எங்களைத் துரத்திக்கொண்டு வந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். ஏதோ தப்பான பாதையில் போகிறோம் போலிருக்கிறது, அதற்கு இவ்வளவு திட்டா என்று நாங்களும் தமிழில் நன்றாகத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு பார்த்தால் என் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் பாவம் அந்த மனுஷர் சொல்லியிருக்கிறார். வெட்கத்தோடு நன்றி சொன்னோம். மத்தியானம் சந்தையில் பச்சை ஹெரிங் மீனை வெங்காயத்தில் புரட்டித் தின்றோம். "உங்க அம்மா கையில இது கெடச்சிருந்தா என்னா கொழம்பு வச்சிருப்பாங்க!" என்றாள் புவனா. மூன்றாம் வருடப் பொங்கலுக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, தெற்குத்தெருவில், எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரால் மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவள் அவள். அதை மறந்துவிடாதீர்கள்.

உட்ரெக்ட்டில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஜன்னல், அதே பூந்தொட்டி. இரண்டு கரையிலும் சைக்கிளில்தான் போகிறார்கள். எனக்கு அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். மேலத்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். என்னை உட்கார வைத்தபடியே தெருவின் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே மறுபடி ஏறி மிதிப்பார். அந்தத் தெருவில் ரோடு மோசம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஊரிலேயே நல்ல ரோடு அதுதான் என்று பிறகு தெரிந்தது. இப்போது அப்பாவுக்குச் சொந்தமாக மூன்று மா நிலம் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆனாலும் அந்த முனை வந்தால் அவர் கை தானாக வேகத்தைக் குறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புவனா நாலைந்து பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் ஒருத்தி, தன் அப்பாவை அழைத்து வந்தாள். மகளோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்த பெரியவர். நல்ல கலகலப்பான ஆள். வத்தக்குழம்பைப் பிசைந்துகொண்டே என்னிடம், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன்.

"அட! எங்க அம்மா பொறந்த ஊரால்ல இருக்கு! எங்க மாமா இன்னும் அங்க புள்ளையார் கோயிலுக்கு எதுத்த வீட்டுலதான் இருக்காங்க. அங்க எந்தத் தெரு?"

இது விலாசம் கேட்கிற கேள்வி இல்லை என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்ன சாதி என்பதை வாய் கூசாமல் கேட்பதற்கு நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி. அரிசி, பருப்பு, ஊறுகாயோடு இதையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். விமான நிலையத்தில் இதை எவனும் பிடுங்கிப் போடுவதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள், கரண்டியும் கையுமாக நின்ற புவனா சொன்னாள்: "மேலத்தெரு, அங்கிள்."

"அதான பாத்தேன்! மொகத்துலயே தெரியுதே" என்றார் அவர். "புள்ளையார் கோயிலுக்குக் கிட்டக்கவா? யார் வீட்டுப் பொண்ணு நீங்க?"

புவனாவைப் பார்த்தேன். விட்டுவிடேன் என்று அவள் கண் கெஞ்சியது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. உலகத்தில் எத்தனையோ தெரு இருக்க, என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிய அந்தத் தெருவைத்தானா தூக்கி எனக்குக் கொடுக்க வேண்டும்?

"மேலத்தெரு இல்லீங்க" என்றேன். "தெற்குத்தெரு. வாய்க்கால் பாலத்துக்கு அந்தாண்ட. மாரிமுத்து பொண்ணு. உங்க மாமா வயல்ல நாத்தங்கால் பூரா எங்க அப்பாதான் பாத்துக்கிட்டிருந்தாரு."

பெரியவரின் கை சோற்றிலேயே நின்றது. "ஓ... மாரி பொண்ணா? நல்லவனாச்சே மாரி! பரவால்லியே, உன்ன நல்லா படிக்க வச்சிட்டானே."

"அவர் பேரு மாரிமுத்துங்க."

"அதாம்மா, மாரி" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

யாரும் எழுந்து போகவில்லை, யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பேச்சு மழைக்கும் வீட்டு வாடகைக்கும் போனது. யாராவது சண்டைக்கு வந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாயசம் குடித்துவிட்டு எல்லோரும் பை சொல்லிக் கிளம்பினார்கள்.

பாத்திரம் கழுவும்போது வெடித்தது.

"ஒன்ன யாரும் ஒரு மாதிரி பாக்கக் கூடாதுன்னுதான்டி சொன்னேன்" என்றாள் புவனா.

"பாக்குறவங்கள ஒண்ணும் கேக்க மாட்ட, என் தெருவ மாத்திடுவ?"

"ஒரு வேளைச் சாப்பாடு. பேசாம இருந்திருக்கலாம்ல? நாளைக்கு ஆபீஸ்ல அவ மொகத்துல நான்தான முழிக்கணும்?"

"மூணு தடவ கொழம்பு வாங்கிச் சாப்ட்டியே, அது எந்தத் தெருடி?"

அவள் கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். ரயிலடி வரைக்கும் வந்தாள். "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு" என்றாள். நான் போடவில்லை. என் தெருவை மறைத்தால்தான் நான் அவளுக்குச் சிநேகிதி என்றால், அந்தச் சிநேகம் எனக்கு எதற்கு? வழி நெடுக இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாசல் மணிக்குப் பக்கத்தில் இருந்த பழைய பெயர்ச் சீட்டைப் பிய்த்தேன். புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன். மேலே மாரிமுத்து, கீழே தெற்குத்தெரு, இரண்டையும் ஜெர்மன்காரர்கள் படிக்கிற எழுத்திலேயே. வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கீழ்வீட்டு அம்மா ஃப்ராவ் ஹோல்ட்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "இன்னொரு குடும்பம் குடிவந்திருக்கிறதா?" என்றார். "இல்லை, நான் ஒருத்திதான்" என்றேன். "அப்படியானால் குப்பைத் தொட்டி ஒன்றே போதும்" என்றார், நிம்மதியாக.

பத்து நாள் கழித்துப் புவனா மெசேஜில் கேட்டாள்: "கோவம் போச்சா? சனிக்கிழமை வரட்டா? வாசல்ல எந்த மணிய அழுத்தணும்?" கோபம் போகவில்லை, வா என்று எழுதி, சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது. "கீழதான் நிக்கிறேன். கதவத் தொற."

"மணிய அழுத்து."

"அதான் போன் பண்ணிட்டேனேடி."

"அழுத்து புவனா."

போனை வைத்துவிட்டேன். நான் கதவு திறக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றேன். கீழே என் தெருவுக்கு முன்னால் அவள் நிற்கிறாள். இரண்டு மாடிக்கு மேலே, அடுத்தவர் நாட்டில், நான் நிற்கிறேன்.

மணி அடித்தது. விரல் பொத்தானுக்குப் போனது, எடுத்துக்கொண்டேன். அப்பா பெயரை இன்னொரு தடவை அழுத்தட்டும்.